கண்டி நகரில் கிறிஸ்தவ இளைஞர் பணியும் விளையாட்டுத் திடலும்: ஒரு சமூகவியல் நோக்கு

கண்டி நகரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். தலதா மாளிகை, ஏரி, பெரஹரா, மலைநாட்டு மன்னர்களின் வீழ்ச்சி, பிரித்தானியர் ஆட்சி என்பன பற்றிய நூல்கள் நூலகத் தட்டுகளை நிறைத்து நிற்கின்றன. ஆனால் அந்நகரின் தெருக்களையும் வடிகால்களையும் நாள்தோறும் துப்புரவு செய்துவரும் மக்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. நகரின் வடபால், கட்டுகஸ்தோட்டை வீதியை அண்டி, பொது மயானமும் மாத்தளைப் புகையிரதப் பாதையின் சுரங்கமும் அமைந்துள்ள மகியாவ என்னும் பகுதியில் இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து இவ்விடம் சில மைல் தொலைவிலேயே உள்ளது. எனினும் பல்கலைக்கழகத் தமிழாராய்ச்சி சங்க காலத்துத் திணைகளைப் பற்றி அறிந்த அளவுக்கு, இந்தக் குறுந்தொலைவைக் கடந்து சென்று அறிந்ததில்லை என்பதை இங்கு சொல்லியே ஆகவேண்டும்.

இக்கட்டுரை அம்மக்களின் முழு வரலாற்றையும் கூற முற்படவில்லை. கிறிஸ்தவ நிறுவனங்கள் இளைஞரை விளையாட்டின் மூலம் அணுகிய முறை கண்டி நகரில் எவ்வாறு வேரூன்றியது, அது நகரின் வறியோரை எந்த அளவுக்கு எட்டியது என்பதையே ஆராய முயல்கிறது. இவ்விடயம் குறித்து இருவகைத் தீர்ப்புகள் வழக்கில் உள்ளன. மிசனரி வரலாறுகள், விளையாட்டு இளைஞரிடையே ஒழுக்கத்தையும் தோழமையையும் வளர்த்தது என்று புகழ்ந்துரைக்கும். தேசியவாத, இடதுசாரி விமர்சகர்களோ அது குடியேற்ற ஆட்சிக்குப் பணிந்து நடக்கும் வர்க்கம் ஒன்றை உருவாக்கிய கருவி என்பர். இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் இரண்டுமே மிசனரியின் மனத்தையே ஆராய்கின்றன. பந்தை யார் கொடுத்தார், எந்த நோக்கத்துடன் கொடுத்தார் என்பதைக் காட்டிலும், பந்து உருள வேண்டிய நிலம் யாருடைய கையில் இருந்தது என்ற வினாவே கூடுதலான உண்மைகளை வெளிக்கொணரும் என்பது எமது கருத்து.

விளையாட்டைச் சமயப் பணியின் ஒரு கூறாகக் கொள்ளும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. சார்ல்ஸ் கிங்ஸ்லி, தோமஸ் ஹியூஸ் ஆகிய எழுத்தாளர்களின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இந்நோக்கை ‘உடல்வலுக் கிறிஸ்தவம்’ எனலாம். ஹியூஸ் தாம் கற்ற ரக்பிப் பள்ளியின் வாழ்க்கையை வைத்து எழுதிய புகழ்பெற்ற நாவல் 1857 இல் வெளிவந்தது. உடலை ஆன்மாவின் பகையாகக் கருதிய பழைய துறவு மனப்பான்மைக்கு மாறாக, உடலை வலுப்படுத்துவதும் இறைபணியே என்ற கருத்து அங்கு நிலைபெற்றது. அதற்கு முன்னரே, 1844 இல், ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர் இலண்டனில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கியிருந்தார். நகர வேலைக்காக ஊர்விட்டு வந்து, தங்க இடமும் பொழுதுபோக்க வழியுமின்றி அலைந்த இளைஞரே அச்சங்கத்தின் கவனத்துக்குரியவராயினர். வேதபாடமும் பிரார்த்தனையுமாகத் தொடங்கிய அச்சங்கம் காலப்போக்கில் உடற்பயிற்சிக் கூடங்களாலேயே உலகெங்கும் அறியப்பட்டது.

இங்கிலாந்தின் கைத்தொழில் நகரங்களில் இம்முயற்சி எவ்வாறு முடிந்தது என்பது கண்டியை விளங்கிக்கொள்ள உதவும். பர்மிங்ஹாமின் அஸ்ரன் வில்லா 1874 இல் மெதடிஸ்த ஆலயமொன்றைச் சேர்ந்த இளைஞரால் தொடங்கப்பட்டது. லிவர்பூலின் எவர்ட்டன் 1878 இல் புனித டொமிங்கோ மெதடிஸ்த ஆலயத்தின் குழுவாகப் பிறந்தது. மன்செஸ்ரர் சிற்றி என இன்று அறியப்படும் கழகம் 1880 இல் வெஸ்ற் கோர்ட்டனில் உள்ள புனித மாற்கு ஆலயத்தின் முயற்சியாக உருவானது. தொழிற்சாலைச் சட்டங்கள் சனிக்கிழமை பிற்பகலைத் தொழிலாளருக்கு ஓய்வாக்கித் தந்திருந்த காலம் அது. சில ஆண்டுகளுக்குள்ளேயே இக்கழகங்கள் ஆலயத்தின் மேற்பார்வையிலிருந்து நழுவிச் சென்றன. போதகர் தொடங்கிய ஆட்டம் தொழிலாளரின் ஆட்டமாயிற்று. அவர்கள் திடலை வாடகைக்கு எடுத்தனர், சந்தா சேர்த்தனர், தம் தெருவின் பெயரில் கழகம் நடத்தினர்.

இதனை ஒரு விடுதலைக் கதையாக மட்டும் காண்பதும் பொருந்தாது. கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில் ஐரிஷ் வறியோரின் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்குடன் மரிஸ்ற் சபைத் துறவியான வொல்ஃப்ரிட் 1887 இல் செல்ரிக் கழகத்தைத் தோற்றுவித்தார். பத்து ஆண்டுகள் கழிந்ததும், 1897 இல், அது பங்குதாரர்களின் நிறுவனமாக மாற்றப்பட்டது. பசித்த பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்ட வாயிற்கதவு முதலீட்டாளருக்கு இலாபம் ஈட்டத் தொடங்கியது. ஆலயத்தின் பிடி தளர்ந்த இடத்தில் மக்களின் கை மட்டுமன்றி மூலதனத்தின் கையும் நுழையக்கூடும் என்பதற்கு இது சான்று.

இனிக் கண்டிக்கு வருவோம். இங்கு விளையாட்டு ஆலய முற்றத்திலன்று, கல்லூரியிலேயே பிறந்தது. திருச்சபை மிசனரிச் சங்கம் 1872 இல் நிறுவிய திரித்துவக் கல்லூரியில் கற்ற லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்பவர் 1891 இல் சொந்தமாகப் பள்ளியொன்றைத் தொடங்கினார். கிங்ஸ்வூட் என்று பின்னர் பெயர் பெற்ற அப்பள்ளியிலேயே இலங்கைப் பாடசாலைகளுள் முதன்முதலாக றக்பி ஆடப்பட்டது. 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவமும் மோதிய ஆட்டம் இந்நாட்டுப் பாடசாலைகளுக்கிடையிலான முதல் றக்பிப் போட்டியாகக் கொள்ளப்படுகிறது.

திரித்துவத்தின் அதிபராக 1904 முதல் 1924 வரை விளங்கிய அலெக்சாண்டர் கார்டன் பிரேசர் இவ்வரலாற்றின் மைய மனிதர். வங்காளத்தின் துணை ஆளுநராக இருந்த சேர் அன்ட்ரூ பிரேசரின் மைந்தர் அவர். ஆட்சியாளர் குடும்பத்திற் பிறந்தும் ஆங்கிலத்தை மட்டுமே கற்றுத் தன் மக்களின் மொழியை மறந்த மாணவரை உருவாக்கும் கல்வியை அவர் கண்டித்தார். சிங்களத்துக்கும் தமிழுக்கும் கல்லூரியில் இடமளித்தார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே குழுவில் ஆடுவதைத் தம் கல்விக் கொள்கையின் சிகரமாகக் கருதினார். அவர் காலத்தில் மாணவர்களுடைய சமூக சேவைச் சங்கம் உருவாகியது. நிலப்பிரபுக்களினதும் உத்தியோகத்தரினதும் பிள்ளைகள் கண்டி நகரின் சேரிகளுக்குச் சென்று, அங்கு வாழ்வோரின் நிலையை நேரிற் கண்டு ஆராய்ந்தனர். அக்காலத்து இலங்கைப் பாடசாலையொன்றில் இது துணிகரமான செயலே. சேரியில் கால் வைப்பதையே தீட்டாகக் கருதிய குடும்பங்களிலிருந்து வந்த இளைஞர் சிலருக்காவது அந்த அனுபவம் கண் திறப்பாக அமைந்திருக்கும்.

அதே அதிபரின் பெருமுயற்சியால் அஸ்கிரியக் குன்றின் சரிவு வெட்டிச் சமப்படுத்தப்பட்டு விளையாட்டுத் திடலாக்கப்பட்டது. தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் அதனை 1915 இல் திறந்து வைத்தார். மலைகள் சூழ்ந்த கண்டியில் சமதரை என்பது அரும்பொருள். பள்ளத்தாக்கின் தட்டையான பகுதிகளை ஏரியும் கடைத்தெருக்களும் அரச கட்டடங்களும் பிடித்துக்கொண்டன. எஞ்சியவை சரிவுகளே. ஆகவே இந்நகரில் திடல் அமைப்பதென்பது மலையை வெட்டுவதாகும். மலையை வெட்டப் பணமும் நிலவுரிமையும் ஆட்சியாளரின் ஆதரவும் வேண்டும். இம்மூன்றையும் பெற்றிருந்த நிறுவனமே திடலைப் பெற்றது. (இன ஒற்றுமையின் களமாக அது திறக்கப்பட்ட அதே 1915 ஆம் ஆண்டில், வெசாக் இரவொன்றில், கண்டித் தெருவிலேயே சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டது என்பதை வரலாற்று மாணவர் நினைவிற் கொள்வர். விளையாட்டின் ஒற்றுமை மதிலுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.)

அஸ்கிரியவுக்கும் மகியாவவுக்கும் இடையிலான தூரத்தை நடந்தே கடக்கலாம். ஒன்று தீவின் புகழ்பெற்ற விளையாட்டரங்குகளுள் ஒன்றாகி, 1983 முதல் 2007 வரை சர்வதேச டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்களுக்கும் களமாயிற்று. மற்றது அதே காலத்தில் நகரசபைத் தொழிலாளரின் நெருக்கமான குடியிருப்பாகவே இருந்தது. இவ்விரண்டும் தற்செயலாக அருகருகே அமைந்தவை எனினும், சமூகவியல் நோக்கில் ஒரே நகரத்தின் இரு முகங்களாகும்.

மகியாவவின் துப்புரவுத் தொழிலாளர் பிரித்தானியர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அருந்ததியர், பறையர், பள்ளர் முதலான ஒடுக்கப்பட்ட சாதியினரே இத்தொழிலுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் இவர்களுக்கு இடமில்லை, ஏனெனில் இவர்கள் தோட்டத்தில் இல்லை. நகர மத்தியதர வர்க்கத்தின் வரலாற்றிலும் இடமில்லை. கலிங்க ரியூடர் சில்வா, பெ. பெ. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் பதிப்பித்து 2009 இல் வெளிவந்த இலங்கைச் சாதிப் பாகுபாடு பற்றிய ஆய்வுநூல் இத்தகைய நகரத் தொழிலாளரின் நிலையைக் கவனத்துக்குக் கொணர்ந்தது. சாதியின் பெயரைச் சொல்லி யாரும் ஏசாத இடத்திலும், வாழிடத்தின் பெயரே சாதிப்பெயராகிவிடுகிறது என்பதே இங்கு நாம் காண வேண்டிய உண்மை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் தன் முகவரியை எழுதத் தயங்கும் நிலை இதன் விளைவாகும்.

இங்கே விளையாட்டோடு தொடர்புள்ள ஒரு முரணைச் சுட்டலாம். உதைபந்தும் கிரிக்கெட் பந்தும் தோலால் ஆனவை. காஷ்மீரின் சிறிநகரில் இதே திருச்சபை மிசனரிச் சங்கத்தின் பள்ளியை நடத்திய ரின்டேல் பிஸ்கோ 1891 இல் உதைபந்தை அறிமுகப்படுத்தியபோது, பிராமண மாணவர் தோற்பந்தைத் தொட மறுத்தனர் என்பதும், அவர் அவர்களை வற்புறுத்தி ஆட வைத்தார் என்பதும் பலரறிந்த செய்தி. தோலைத் தொட்டால் தீட்டு என்ற உணர்வை அவர் உடைத்தார். ஆனால் தோலைப் பதனிட்டுப் பந்தாக்கித் தந்த கைகள் அத்திடலுக்குள் வரவில்லை. பூனாவில் தோற்றொழிற் சாதியிற் பிறந்த பல்வங்கர் பாலு ஐரோப்பியரின் மைதானத்தில் பணியாளராக இருந்து, அவர்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே பெரும் பந்துவீச்சாளரானார். 1911 இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். அத்தகைய வீரருக்கே, உடன் ஆடிய சாதி இந்துக்கள் தேநீரை ஆட்டக்கூடத்துக்கு வெளியே தனிக் குவளையில் கொடுத்தனர். விளையாட்டு தீண்டாமையைத் தளர்த்தவும் கூடும், அதனோடு சேர்ந்து வாழவும் கூடும். அது எதைச் செய்யும் என்பதைப் பந்து தீர்மானிப்பதில்லை.

கண்டியில் மிசனரிச் சங்கத்தின் பணி இரு கிளைகளாகப் பிரிந்திருந்ததையும் கவனிக்க வேண்டும். கோப்பித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளருக்கெனத் ‘தமிழ்க் கூலி மிசன்’ 1854 இல் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டந்தோட்டமாகச் சென்று போதித்தனர். அதே சங்கத்தின் மற்றொரு கிளையே திரித்துவக் கல்லூரி. தொழிலாளியிடம் வேதநூலும் வினாவிடையும் சென்றன, உயர்குடி மைந்தனிடம் அவற்றோடு பந்தும் சென்றது. நாள் முழுதும் உடலால் உழைப்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று எவரும் எழுதிவைக்கவில்லை, எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உடல்வலுக் கிறிஸ்தவம் உடலுழைப்பற்ற வர்க்கத்தின் சமயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

எனினும் கல்லூரிக்கு வெளியே இன்னொரு நீரோட்டம் இருந்தது. அது வாலிபர் கிறிஸ்தவ சங்கம் வழியாக வந்தது. கொழும்பில் 1882 இல் கால்கொண்ட இச்சங்கம் பின்னர் கண்டியிலும் நிலைபெற்றது. இவ்வியக்கம் உலகுக்கு அளித்த இரு ஆட்டங்கள் ஈண்டுக் கருதத்தக்கவை. கூடைப்பந்தாட்டத்தை 1891 இல் அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில் இச்சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். கரப்பந்தாட்டத்தை 1895 இல் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மோர்கன் உருவாக்கினார். கடுங்குளிரில் வெளியே ஆட முடியாத மக்களுக்காக, ஒரு மண்டபத்துக்குள் அடங்கும் ஆட்டங்களாக அவை வகுக்கப்பட்டன. கொழும்புச் சங்கத்தின் உடற்பயிற்சி நெறியாளரான றொபேட் வோல்ற்றர் கமக் 1916 இல் கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1920 இல் ஹரி குறோ பக் சென்னையில் நிறுவிய இச்சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரி தென்னாசியாவின் உடற்கல்வி ஆசிரியர் பலருக்குத் தாய்வீடாயிற்று.

இவ்விரு நீரோட்டங்களின் வேறுபாட்டை அளவுகோல் கொண்டே காணலாம். கரப்பந்தாட்டக் களம் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது. பரப்பு 162 சதுர மீற்றர். றக்பித் திடல், கோட்டுக்கு அப்பாற்பட்ட பகுதியை விடுத்தே, ஏறத்தாழ 100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் கொண்டது. 7,000 சதுர மீற்றர். ஒரு றக்பித் திடலில் நாற்பதுக்கு மேற்பட்ட கரப்பந்தாட்டக் களங்களை அமைக்கலாம். இரு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, பன்னிரண்டு பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். மலைச்சரிவில் லயன் அறைகளுக்கிடையே கிடைக்கும் துண்டு நிலம் போதும். தேயிலைத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் கரையோர மீனவர் குடியிருப்புகளிலும் கரப்பந்தாட்டம் பரவியதற்கும், றக்பி சில கல்லூரிகளையும் படைப்பிரிவுகளையும் கழகங்களையும் விட்டு வெகுதூரம் செல்லாமைக்கும் இதுவே அடிப்படைக் காரணம். 1991 இல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டபோது, அது கிறிஸ்தவ இளைஞர் பணியின் வழியாக வந்தது என்பதை நினைத்தவர் எத்தனை பேர்? கொடுத்தவரின் பெயர் மறைந்து, பெற்றவரின் சொத்தாகிவிட்ட ஆட்டம் அது. விளையாட்டு வழிப் பணியின் உண்மையான வெற்றி இந்த மறதியே எனலாம்.

மகியாவ போன்ற குடியிருப்புகளின் இளைஞர் தெருவில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடுவதையும் இதே விதியைக் கொண்டு விளக்கலாம். அவர்கள் ஆட்டத்தைத் தம் நிலத்தின் அளவுக்குக் குறுக்கிக்கொண்டனர். இரண்டு கல் விக்கெட்டாகிறது, சுவரில் நேராகப் பட்டால் ஆட்டமிழப்பு. இத்தகைய விதிகள் வறுமை இயற்றிய சட்டங்கள்.

கல்லூரி நீரோட்டத்திற்கு எதிர்வினையும் எழுந்தது. பௌத்த பிரம்மஞான சங்கம் 1887 இல் தொடங்கிய தர்மராஜ கல்லூரி, கே. எவ். பிலிமோரியா என்ற பார்சி அதிபரின் காலத்தில் ஏரியை நோக்கிய குன்றொன்றைத் தனதாக்கிக்கொண்டது. மிசனரிக் கல்விக்குப் போட்டியாக எழுந்த பௌத்தக் கல்வி, மிசனரியின் சமயத்தை மறுத்தது, ஆனால் கிரிக்கெட்டையும் சாரணியத்தையும் திடலையும் மறுக்கவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டன. கிங்ஸ்வூட் அரச பாடசாலையாயிற்று, திரித்துவம் தனியார் கல்லூரியாக நின்றது. நிறுவனங்களின் உரிமை இவ்வாறு கைமாறியபோதும், பிற்பகல் நான்கு மணிக்குத் திடலில் நிற்போர் எவர் என்பது பெரிதும் மாறவில்லை.

இந்த இடத்தில் முத்தையா முரளிதரனின் பெயரைச் சொல்லி மறுப்போர் உளர். பெனடிக்ற் சபைத் துறவிகளின் மரபில் வந்த கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியே இந்திய வம்சாவளித் தமிழரான அவருக்குக் களம் தந்தது. டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளுடன் அவர் 2010 இல் விடைபெற்றார். மிசனரிக் கல்லூரியின் திடல் இனத்தடையைக் கடக்கவல்லது என்பதற்கு அவர் மறுக்கமுடியாத சான்று. ஆனால் அவர் விசுக்கோத்துத் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை. 1977 இன் வன்செயலில் அத்தொழிற்சாலை தாக்கப்பட்டபோதும், பிள்ளையைக் கல்லூரி விடுதியில் வைத்துப் படிப்பிக்கும் வசதி அக்குடும்பத்துக்கு இருந்தது. திடலின் வாயில் இனத்துக்குத் திறந்தது, வர்க்கத்துக்குத் திறந்ததா என்பதே எமது கேள்வி.

வர்க்கத்தோடு குடியுரிமையும் இணைந்துகொண்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினரை நாடற்றோராக்கியபோது, தோட்டத் தொழிலாளருடன் நகரத் துப்புரவுத் தொழிலாளரும் அதற்குள் அகப்பட்டனர். பொதுத்திடலை ஒதுக்குவதும் பராமரிப்பதும் மாநகரசபையின் பொறுப்பு. வாக்கில்லாதவன் சபையிடம் திடல் கேட்க முடியாது, தருமத்தையே கேட்கலாம். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முதல் 2003 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரை நீண்ட இக்காலத்தில், இளைஞர் பணி உரிமைக்கு மாற்றாக நின்றது. ஆலய மண்டபத்தின் மேசைப்பந்தாட்டமும் ஆண்டுக்கொருமுறை நடக்கும் விளையாட்டு விழாவும் உரிமை மறுக்கப்பட்ட வெளியை நிரப்பின. அந்தச் சிறு மகிழ்ச்சியை ஏளனம் செய்யும் உரிமை எமக்கில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அது சிறிய விடயமன்று.

கண்டித் திருச்சபையினுள்ளேயே இதன் போதாமையை உணர்ந்தோர் இருந்தனர். இயேசு சபைத் துறவியான போல் கஸ்பெர்ஸ் 1972 இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், பல இனத்தவரும் ஒன்றாக வாழ்ந்து, மலையகத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்து, அவர்களின் உரிமைக்காகக் குரலெழுப்பும் மையமாக விளங்கியது. பந்தைக் கொடுப்பதிலிருந்து நியாயத்தைக் கேட்பதற்கு நகர்ந்த ஒரு தலைமுறை அது. இலத்தீன் அமெரிக்காவின் விடுதலை இறையியலோடு அவர்களை ஒப்பிடுவது வழக்கம். எமது நோக்கில் அவர்கள் பிரேசரின் சேரி ஆய்வை அதன் தர்க்கரீதியான முடிவுக்குக் கொண்டு சென்றவர்கள். வறியவனைச் சென்று பார்ப்பது ஒரு படி, அவன் ஏன் வறியவனாக இருக்கிறான் என்று கேட்பது அடுத்த படி. ஆனால் இவ்வியக்கத்தினர் ஆய்வுக்கும் உரிமைக்கும் கொடுத்த அழுத்தத்தை விளையாட்டுக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற அந்த வெளியிற் புதிய சுவிசேஷ சபைகள் நுழைந்தன.

இச்சபைகளின் இளைஞர் பணியில் விளையாட்டு, இசை, ஆங்கில வகுப்பு என்பன முக்கிய இடம் பெறுகின்றன. இங்குதான் மதமாற்றப் பிரச்சினை எழுகிறது. 2004 இல் ஜாதிக ஹெல உறுமய பாராளுமன்றத்தில் முன்வைத்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம், ‘கவர்ச்சி’ காட்டி மதம் மாற்றுவதைக் குற்றமாக்க முயன்றது. பணமோ பொருளோ வேறெந்தப் பயனோ அதனுள் அடங்கும். அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. ஆனால் ஒரு பந்தும் ஒரு சோடி சப்பாத்தும் கவர்ச்சிப் பொருளா என்ற வினா எஞ்சி நிற்கிறது. இதனை இருபக்கமும் பேசுவோரிடம் நாம் ஒன்றைக் கேட்கலாம். நகரமே தரவேண்டியிருந்த பந்தையும் திடலையும் நகரம் தந்திருந்தால், அவை கவர்ச்சியாகும் வலு எங்கிருந்து வந்திருக்கும்? வறியோர் சமயத்தை விற்கிறார்கள் என்று குற்றஞ்சாட்டுவோர், பிள்ளைகளின் விளையாட்டு விலைபோகும் பொருளாக மாறியதற்குப் பொறுப்பானவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. மறுபுறம், சபைகளுக்கும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஞாயிறு ஆராதனைக்கு வராத பிள்ளை சனிக்கிழமை ஆட்டத்தில் தொடர்ந்து இடம்பெறுகிறதா? இடம்பெறுமாயின் அது பணி. இல்லையேல் அது வணிகம்.

இத்தனை விவாதத்திலும் பெண்பிள்ளைகள் காணாமற் போவதைக் குறிப்பிடாமல் விட இயலாது. ‘வாலிபர்’ என்ற சொல்லே அவர்களை வெளியில் நிறுத்துகிறது. மெதடிஸ்தர் 1879 இல் நிறுவிய மகளிர் உயர்தரப் பாடசாலை போன்றவை கல்லூரி மாணவியருக்கு வலைப்பந்தாட்டத்தைத் தந்தன. துப்புரவுத் தொழிலுக்குத் தாயும் தந்தையும் விடியுமுன்னரே புறப்பட்டுவிடும் வீட்டில், மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையரைக் கவனிக்கும் தாயாகிவிடுகிறாள். அவளுக்கு இல்லாதது திடல் மட்டுமன்று, ஓய்வுநேரமும்தான். இளைஞர் பணித் திட்டங்கள் எவையாயினும் இந்த ஓய்வுநேரத்தை எவ்வாறு உண்டாக்குவது என்பதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு வட சென்னையின் வியாசர்பாடியைக் காட்டலாம். தொழிலாளரும் தலித் மக்களும் செறிந்து வாழும் அப்பகுதி உதைபந்தாட்டத்தால் ‘குட்டி பிரேசில்’ என்று பெயர் பெற்றது. கத்தோலிக்கத் துறவிகள் அங்கு பல்லாண்டு சேவை செய்துள்ளனர். ஆயினும் அங்கு 1997 முதல் சேரிப் பிள்ளைகளுக்கு உதைபந்தும் பாடமும் கற்பித்துவரும் அமைப்பை அப்பகுதியில் வளர்ந்த இளைஞரே தொடங்கினர். அந்த ஆட்டம் வெளியிலிருந்து கொடுக்கப்பட்டதாக இராமல் உள்ளிருந்து நடத்தப்படுவதாக உள்ளது. மன்செஸ்ரரில் நூறாண்டுக்கு முன் நிகழ்ந்த கைமாற்றம் அங்கு வேறொரு வடிவில் நிகழ்ந்துள்ளது. அதற்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது: பிள்ளைகள் ஆடுவதற்கு அங்கே ஒரு பொது மைதானம் இருந்தது.

கண்டியில் அம்முன்நிபந்தனையை நிறைவேற்றும் வாய்ப்பு அரிதாகவே வரும். 1876 இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறைச்சாலை 2014 இல் மூடப்பட்டபோது, நகரின் நடுவில் பரந்த சமதரை ஒன்று விடுபட்டது. அந்நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு எழுந்தபோது சுற்றுலாவும் வணிகமும் முதலிடம் பெற்றன. அந்நிலத்தின் ஒரு மூலையில் 162 சதுர மீற்றரை அளந்து, இரு கம்பங்களை நட்டு, அதன் சாவியை மகியாவ இளைஞரிடம் கொடுப்பதற்கு மாநகரசபைக்கு எந்த மிசனரியின் துணையும் தேவையில்லை.